பொன்னிறப் போத்தல்

புனிதா,

அப்பா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சலோ வேறு ஏதுமோ என்று பதறாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வேலை செய்யும் டெலிபோன் கடைக்கு அழைத்து இரண்டு நிமிடம் பேசுகிறோமே, அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் எழுதவே மாட்டேன். இது அதற்குள் அடங்காது. பக்கத்தில் வாடிக்கையாளர்கள் நிற்க, நீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிற விஷயமும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு, அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

உன் ரவீந்திரன் போன ஞாயிறு இங்கே சீகிரியாவுக்கு வந்திருந்தார். நீ அனுப்பித்தான் வந்தேன் என்றார். ஹோட்டல் பின்கட்டில் நான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். காவல்காரன் வந்து ஆள் தேடுவதாகச் சொன்னான். என்னைத் தேடி ஒருவர் வந்து மூன்று வருஷமாகிவிட்டது, அதனால் வேறு யாரையாவது இருக்கும் என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். அவன் மறுபடி வந்து கூப்பிட்ட பிறகுதான் போனேன். என் அறையில் கதிரை இல்லை. மாப்பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நான் பெட்டிமேல் உட்கார்ந்தேன். தேநீர் குடித்து முடிக்கும் வரை தான் படிப்பிக்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினார். பிறகு பைக்குள்ளிருந்து இரண்டு பொருளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஒன்று விரல் நீளத்தில் ஒரு டியூப், கண்டியில் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மற்றது மாத்தளை பார்மசியில் வாங்கிய பெரிய போத்தல்.

"மாமா, புனிதா இந்தக் கல்யாணமே வேணாம்னு சொல்லுது. எனக்குக் குடுத்திருக்கிற குவார்ட்டர்ஸ் மலைமேல இருக்கு. ரோட்டுல இருந்து ஒன்றரை மைல் வெயில்லதான் நடக்கணும். அங்க வந்து என்னால இருக்க ஏலாதுங்குது. டாக்டரம்மா இத எழுதிக் குடுத்தாங்க. பார்மசிக்காரர் இந்தப் பெரிசே போதும்னு சொல்றாரு. எது வேணும்னு கேட்டா, எனக்கு எந்தக் கிரீமும் நிக்காது, நம்பாட்டி அப்பாவப் போய்க் கேளுங்கன்னு சொல்லிருச்சி. நீங்க இத்தன வருஷம் வெள்ளக்காரங்களோட இருந்தவங்க. சொல்லுங்க மாமா, எது நல்லது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல மனிதர், கேட்கவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, இருட்டும் வரை அந்த இரண்டையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். உன் வாழ்க்கையே அந்தச் சாட்சியில்தான் நிற்கிறது. சாட்சி பொய்ச்சாட்சி, மகளே. பதினைந்து வருஷமாக அவன் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நீ பிறந்தபோது நான் இதே ஹோட்டலில் ரூம் பாய். இப்போது தலை நரைத்தும் பாய்தான். உன் அம்மா இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்தில் இருந்து தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் லீவில் நான் வருவேன். பால் போல வெள்ளையாய், இமை முடி கூட வெள்ளையாய் நீ பிறந்ததும் லயத்தில் என்னென்ன பேசினார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஹோட்டல்காரன் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளை என்று சிரித்தார்கள். அப்போது கண்டியில் இருந்த ஒரு டாக்டர்தான் விளக்கிச் சொன்னார், தோலுக்கு நிறம் கொடுக்கிற சத்து பிறவியிலேயே இல்லை, இது யாருடைய குற்றமும் இல்லை என்று. வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிநாடுகளில் வெயிலுக்குப் பூசுகிற கிரீம் இருக்கிறது, கிடைத்தால் பூசுங்கள் என்றார். அந்தக் காலத்தில் அது நம் கடைகளில் ஏது? உனக்கு நீளக்கை சட்டையும் கறுப்புக் குடையும்தான். ஆனாலும் நீ சும்மா இருக்கிற பிள்ளையா? "சுது நோனா", வெள்ளைச் சீமாட்டி, என்று கேலியாகக் கூப்பிட்ட பையனைக் குடைக் கம்பியால் அடித்துவிட்டு வந்தவள் நீ. வகுப்பில் இரண்டாம் பிள்ளைக்குக் கீழே இறங்கியதே இல்லை.

உனக்குப் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டி வந்தது. அணிநடையில் உங்கள் இல்லக் கொடியை நீதான் பிடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். குடை பிடித்துக்கொண்டு கொடி பிடிக்க முடியாது. நான் லீவில் வந்தபோது, "அப்பா, வெள்ளைக்காரங்க பூசுறத எனக்கும் கொண்டு வந்து தாங்க, ஒரு நாளைக்குத்தான்" என்று கேட்டாய். நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளிகள் அறையைக் காலி செய்யும்போது விட்டுப் போவதை நாங்கள் சூப்பர்வைசர் மேசையில் வைப்போம். அவர் பார்த்துவிட்டு ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைக் கேட்டில் காட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அரைப் போத்தல் ஷாம்பு, செருப்பு, புத்தகம், இப்படி. நான் அந்த மாதம் முழுக்க வெயில் கிரீமுக்காகக் குப்பைக் கூடைகளைக் கிளறினேன். இரண்டு கிடைத்தது. ஒன்று நசுங்கிப்போன வெள்ளை பிளாஸ்டிக் போத்தல், உள்ளே வெள்ளையாய் மாவு போலக் கிரீம். ஒரு கிழவர் விட்டுப் போனது. அவர் நாட்டில் அது மூலைக்கடைச் சாமானாக இருந்திருக்கும். மற்றது பொன்னிறப் போத்தல். பெரிய அறையில் தங்கிய ஒரு சீமாட்டி விட்டுப் போனது, திறந்தால் தேங்காய்ப்பூ வாசம். வெள்ளைப் போத்தலில் பதினைந்து என்று எண் போட்டிருந்தது, பொன்னிறத்தில் இரண்டு. எழுத்து ஒன்றும் எனக்கு விளங்கவில்லை, ஜெர்மன் பாஷை. எண் மட்டும் விளங்கியதாக நினைத்தேன். இரண்டாம் பிள்ளை என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, பதினைந்தாம் பிள்ளை கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் என் புத்தி போனது.

இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தம்புள்ளைக்கு இப்பால் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு பொடியன் சிப்பாய் பையைக் கவிழ்த்தான். "மே மொனவத?" என்று போத்தல்களைத் தூக்கிக் காட்டினான், இதெல்லாம் என்ன என்று. வெயிலுக்குப் பூசுகிற கிரீம் என்று சிங்களத்தில் சொன்னேன். இந்த நிறத்துக்கு வெயில் கிரீமா என்று கேட்டான். சிரிக்காமல்தான் கேட்டான், அவனுக்கு உண்மையாகவே சந்தேகம். பூசிக் காட்டு என்றான். வெடிமருந்தாக இருந்தால் நான் பூச மாட்டேன் அல்லவா. ரோட்டோரத்தில் நின்று வெள்ளைக் கிரீமை முகம் முழுக்கப் பூசினேன். அது தோலில் இறங்கவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. அப்போதுதான் சிரித்தார்கள். சிப்பாய்கள் சிரித்தார்கள், பஸ்ஸில் வந்த ஆட்களும் சிரித்தார்கள். பொன்னிறத்தைக் கையில் ஊற்றிப் பூசினேன், எண்ணெய் மாதிரி உள்ளே போய் மினுங்கியது. ஒருவன் மோந்து பார்த்துவிட்டு நல்ல வாசம் என்று தலையை ஆட்டினான். போ என்றான்.

பஸ்ஸில் ஏறிச் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். நாவுல வரை பாதிப் பேர் என் பக்கம் திரும்பவில்லை, திரும்பினவர்கள் சிரித்தார்கள். அந்த வெட்கம்தான் உன்னைச் சுட்டது, புனிதா. ஏற்கெனவே வெள்ளை என்று என் பிள்ளையைக் கேலி செய்கிறார்கள், இந்த மாவையும் அப்பிக்கொண்டு மைதானத்தில் நின்றால் என்ன பாடு படுத்துவார்கள் என்று நினைத்தேன். நாவுலயில் பஸ் நின்றபோது வெள்ளைப் போத்தலை ஜன்னல் வழியாக எறிந்தேன். வாசமான, விலை கூடின, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொன்னிறத்தைத்தான் உனக்குக் கொண்டுவந்தேன்.

போட்டியன்று காலையில் நானே உனக்குப் பூசிவிட்டேன். முகம், காது, கழுத்து, முழங்கை, கால். நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். "வாசமா இருக்குப்பா" என்றாய். உன் அம்மா, "வெயில் கூடவா இருக்கே, நீளக்கையே போடட்டும்" என்றாள். "இது வெள்ளக்காரன் சாமான், நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன். நீ கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாய். கொடி ஒரு தரமும் சாயவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றது கிடையாது. அன்றைக்குப் பின்னேரமே உன் முகம் வீங்கியது. அடுத்த நாள் தோள், காது எல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாய். தண்ணீர் பட்டால்கூட அலறினாய். மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது. வேலைக்குத் திரும்பியதும் அந்தப் போத்தலைக் கொண்டுபோய், ஜெர்மன் தெரிந்த ஒரு கைடிடம் காட்டினேன். சீகிரியா கிராமத்து ஆள், நல்லவன். படித்துவிட்டுச் சிரித்தான். "மேக்க களு வென்ன கான தெல் எக்கனே" என்றான். இது கறுப்பாவதற்குப் பூசுகிற எண்ணெயாம். வெள்ளைக்காரர்கள் நிறம் மாற வேண்டும் என்று இதைப் பூசிக்கொண்டு வெயிலில் கிடப்பார்களாம், வெயிலை இது தடுக்காதாம். எத்தனை வருஷம் நீச்சல் குளத்துப் பக்கத்தில் அவர்கள் அப்படிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் படுத்தெழுந்த விரிப்பில் மஞ்சள் கறை போகவில்லை என்று லோண்டரிக்காரனோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் புத்தியில் ஏறவில்லை. ஒரு மனிதன் வேண்டுமென்றே கறுப்பாக ஆசைப்படுவான் என்று நம் ஆட்களில் யாருக்குத்தான் தோன்றும்? கைடு ஏன் கேட்கிறாய் என்றான். சும்மா என்றேன். கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

அடுத்த லீவில் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் உன் அம்மா, "வெள்ளக்காரன் சாமான்னீங்களே, ஏன் இப்பிடி ஆச்சி?" என்று கேட்டாள். உள்ளே நீ தோல் உரிந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயில் வந்தது வேறு. "டாக்டர்கிட்ட கேட்டேன். இவ தோலுக்கு எந்தக் கிரீமும் நிக்காதாம். இனி வெயில்லயே விடக்கூடாதாம்" என்றேன். எந்த டாக்டரையும் நான் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் குற்றம் என் கையை விட்டு உன் தோலுக்குப் போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

உன் அம்மா அன்றைக்கே ஜன்னலில் சாக்கை ஆணி வைத்து அடித்தாள். நீ மழைநாளில் மட்டும் பள்ளிக்கூடம் போனாய், பிறகு அதையும் விட்டாய். இரண்டாம் பிள்ளைக்குக் கீழே இறங்காத பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றது. மாத்தளையில் அந்தக் கடை வேலை கிடைத்தபோதும் விடியுமுன் போய், பொழுது பட்ட பிறகு அறைக்குத் திரும்புகிற ஏற்பாட்டோடுதான் சேர்ந்தாய். நீ அடுத்தவர்களுக்கு லைன் பிடித்துக் கொடுத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்று வந்துவிட்டேன். உன் அம்மா சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு ஒரு கிரீமும் நிக்காதே, நான் போயிட்டா அவள வெயில்ல விடாம யாரு பாப்பா?" என்று அழுதாள். அப்போதும் சொல்லவில்லை. அவள் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே போய்விட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை.

இப்போது மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்த முறை நான் போத்தலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. வியாழக்கிழமை லீவு எடுத்து, இரண்டையும் கட்டிக்கொண்டு, டியூபை எழுதிக் கொடுத்த அதே கண்டி டாக்டரம்மாவிடம் போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், வியாதி என்ன என்றார். எனக்கில்லை, மகளுக்கு என்று சொல்லி இரண்டையும் மேசையில் வைத்தேன். பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "ரெண்டும் நல்ல கிரீம்தான். ரெண்டுலயும் முப்பதுக்கு மேல நம்பர் இருக்கு. நம்பர் கூடக் கூடத்தான் காவல். வெயில்ல இருக்கிற ரெண்டு வகைக் கதிர்களையும் தடுக்கும்னும் போட்டிருக்கு. நான் எழுதினது வேர்வைக்குக் கொஞ்சம் கூட நேரம் நிக்கும், கண்ணுக்குக் கிட்ட எரியாது. ஆனா விலை கூடன்னு மகள் பயறளவு எடுத்துப் பூசினா அதால பிரயோசனம் இல்ல. அதுக்கு பார்மசிக் கிரீமை அள்ளிப் பூசுறது மேல்" என்றார். முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்கும் டியூப், கைகால்களுக்குப் பெரிய போத்தல், அப்படிச் செய்யலாமாம். வெளியே இறங்க அரைமணி நேரத்துக்கு முன்பு பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காதின் பின்புறத்தையும் உதட்டையும் எல்லோரும் மறப்பார்களாம். போத்தலில் உள்ள திகதி கடந்தால் எறிந்துவிட வேண்டும், பஸ் ஜன்னலோரம், அடுப்படி என்று சூட்டில் வைக்கக் கூடாது. கிரீம் பூசினாலும் தொப்பியும் நீளக்கையும் விடக்கூடாது, உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் தோலைக் காட்ட வர வேண்டும். ஆறாத புண் ஏதாவது கண்டால் உடனே வரச் சொன்னார். டியூப் கொஞ்சம் வெள்ளையாய் நிற்கும் என்று மற்றவர்கள் குறை சொல்வார்களாம். உனக்கு அந்தக் கவலை இல்லை.

எழுந்திருக்கும்போது கேட்டேன். "டாக்டர், எந்தக் கிரீமும் நிக்காத தோல்னு ஒன்னு இருக்கா?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படி ஒன்னுமே இல்லையே. யார் சொன்னது?" என்று கேட்டார். "யாரோ சொன்னாங்க" என்றேன். பார்த்தாயா, அறுபது வயதை நெருங்கியும், ஒரு தெரியாத மனுஷியிடம் கூட என்னால் நான்தான் என்று சொல்ல முடியவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வாங்கில் உட்கார்ந்தபோதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இங்கே ஹோட்டலில் பாதி அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. சண்டை முடிந்துவிட்டது, இனி ஆட்கள் வருவார்கள் என்கிறார்கள். நான் காலையிலிருந்து இரவு வரை சிங்களம்தான் பேசுகிறேன். பெயரைக்கூடச் சுருக்கி அவர்களுக்கு வாகாக ஆக்கிக்கொண்டார்கள், நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். தமிழில் நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசுகிற இரண்டு நிமிடம்தான். அதிலும் நீ சாப்பிட்டீங்களா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன். நீ வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்த இரண்டு நிமிடமும் இல்லாமல் போகலாம் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் உன்னை இருட்டில் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். தனியாக இருக்கிறேன், மகளே. ஆனால் அது என் பாடு. அதற்காக நீ ஒரு நல்ல மனிதரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். அந்த ஒன்றரை மைலை நீ நடக்கலாம். எல்லோரையும் போலத் துள்ளிக்கொண்டு போக முடியாது; தொப்பியோடு, காலை வெயிலில், பூசிக்கொண்டு நடக்கலாம். அன்றைக்கு உன் தோல் தோற்கவில்லை. உனக்குப் பூசியது கிரீமே இல்லை. இதை நூறு தரம் எழுதச் சொன்னாலும் எழுதித் தருகிறேன்.

இரண்டையும் இந்தக் கடிதத்தோடு சேர்த்து, தெரிந்த ஒரு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். டியூபைத் திறக்கவில்லை. உனக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். டெலிபோனில் திட்டாதே, அந்த இரண்டு நிமிடம் போதாது. முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்கும் நன்றாகப் பூசிக்கொண்டு, காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி, இங்கே வந்து என் முகத்துக்கு நேரே திட்டு. பகலில் வா.

அப்பா